கொரியர் நமக்கு உறவா?



2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதி தொடங்கி நவம்பர் இறுதி வரை, தென்கொரியாவின் கிம்ஹே நகரில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் வருகை ஆசிரியராகப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நாடு திரும்பியது முதல் ஆசிரியர் அறையிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும், திருமண வீடுகளிலும்கூட என்னிடம் கேட்கப்படும் முதல் வினா ஒன்றுதான். “கொரிய மொழி தமிழிலிருந்துதானே பிறந்தது? அதை அவர்களிடம் எடுத்துச் சொன்னீர்களா, டீச்சர்?”

சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எண்ணியே சொல்லாமல் வந்தேன். கேட்பவர் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். சிலர் எனக்குத் தமிழ்ப்பற்று குறைவு என்றே முடிவு கட்டியிருக்கக்கூடும். ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரம் அமைவதில்லை. ஆகவே இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அத்திட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கொரிய அரசும் யுனெஸ்கோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2000-ஆம் ஆண்டில் சியோலில் ஆசிய பசிபிக் அனைத்துலகப் புரிந்துணர்வுக் கல்வி மையம் நிறுவப்பட்டது. ஆசிய நாடுகளின் ஆசிரியர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் கொரியப் பள்ளிகளில் கற்பிக்கவும், கொரிய ஆசிரியர்கள் அந்நாடுகளுக்குச் செல்லவும் அம்மையம் 2012 முதல் வழிசெய்து வருகிறது. வருகை ஆசிரியர் தம் நாட்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். உடன் ஒரு கொரிய ஆசிரியர் இணைந்து கற்பிப்பார். பாத்திக், வாவ் பட்டம், சொங்காக் ஆகியவற்றை நான் பெட்டியில் கட்டிக்கொண்டு போனது போலவே, புறப்படும் முன் நண்பர்கள் புலனத்தில் அனுப்பிய சொற்பட்டியல்களும் என் திறன்பேசியில் நிறைந்திருந்தன. கொரியத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள் ஐந்நூறு, கொரியாவை ஆண்ட தமிழ் அரசி, இப்படி.

அப்பட்டியல்களில் எல்லாமே பொய்யென்று சொல்ல மாட்டேன். கொரியக் குழந்தை தந்தையை ‘அப்பா’ என்றுதான் அழைக்கிறது. தாயை அழைக்கும் சொல் நம் ‘அம்மா’வுக்கு மிக அருகில் ஒலிக்கிறது. புல்லைக் குறிக்கும் சொல் ‘புல்’. நாளைக் குறிக்கும் சொல் ‘நல்’. ‘நான்’, ‘நீ’ என்பனவும் ஓரளவு ஒத்து வருகின்றன. இவ்வொப்புமை அயலாருக்கும் தோன்றியது உண்டு. 1886-இல் கொரியாவுக்கு ஆசிரியராக வந்த ஓமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதி 1905-இல் வெளியிட்டார். சப்பானியரின் பிடியிலிருந்து கொரியாவைக் காக்க வாதாடியவர் அவர். 1949-இல் அம்மண்ணிலேயே காலமாகி, சியோலில் அடக்கம் செய்யப்பட்டார். அவரைக் கொரியர் இன்றும் மறக்கவில்லை.

ஆனால் அவர் நூல் வெளிவந்து நூற்றாண்டு கடந்துவிட்டது. மொழியியலாளரில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. செசு தீவின் மொழியைத் தவிர கொரியத்துக்கு உறுதியான உறவு மொழி எதுவும் நிறுவப்படவில்லை என்பதே இன்றைய நிலை. ‘அப்பா’, ‘அம்மா’ என்னும் சொற்களைச் சான்றாகக் காட்டுவதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. குழந்தையின் உதடுகள் முதலில் எழுப்பக்கூடிய ஒலிகள் பகரமும் மகரமும்தாம். மலாய்க்காரர் ‘பாப்பா’, ‘எமாக்’ என்கின்றனர். சீனர் ‘பாபா’, ‘மாமா’ என்கின்றனர். சார்சிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தையாம்! வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவதும் சப்பானியத்திலும் மங்கோலியத்திலும் துருக்கியிலும் உண்டு. அதே வேளையில் நம் வினைமுற்று ‘போகிறான், போகிறாள்’ என்று செய்பவரைக் காட்டும். கொரிய வினைமுற்று அதைக் காட்டாது. கேட்பவருக்கு நாம் தரும் மதிப்பைத்தான் காட்டும். ஒற்றுமைப் பட்டியல் தயாரிப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

வகுப்பறையில் நேர்ந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். ஒரு நாள் சிறுவன் ஒருவன் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு, ‘அப்பா, அப்பா’ என்று அழுதான். நம் காதுக்கு அப்படித்தான் கேட்கும். அவன் தந்தையை அழைக்கவில்லை, ‘வலிக்கிறது’ என்றான். கொரியத்தில் பகரம் மூன்று வகைப்படும்: இயல்பானது, இறுக்கி ஒலிப்பது, மூச்சோடு ஒலிப்பது. தந்தைக்குரிய சொல்லில் இறுக்கமான பகரம். வலிக்குரிய சொல்லில் மூச்சுப் பகரம். நமக்கு ஒரே ‘ப’தான் என்பதால் வேறுபாடு பிடிபடுவதில்லை. மலாய் மாணவன் அங்கிருந்திருந்தால், ‘என்ன, என்ன?’ என்று அவன் கேட்பதாக எண்ணியிருப்பான். ஒலி ஒன்றாயிருப்பதை வைத்து உறவு சொல்லத் தொடங்கினால் இப்படித்தான் முடியும்.

இதையெல்லாம் சொன்னதும், “அப்படியானால் ஒப்பிடவே கூடாதா?” என்று என் தோழி ஒருவர் சினந்து கேட்டார். ஒப்பிடலாம், ஒப்பிட வேண்டும். ஆயினும் ஒப்பீட்டின் சுவை வேறோரிடத்தில் இருக்கிறது.

கொரியப் பிள்ளைகளுக்கு அவர்தம் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். உயிர்மெய் அட்டவணையைப் பார்த்ததும் நான்காம் ஆண்டு மாணவர்கள் வியப்படையவில்லை. அவர்களுடைய ஹங்குல் எழுத்தும் உயிரொலியும் மெய்யொலியும் கூடி ஒரு கட்டமாவதுதான். 1446-இல் சேஜோங் மன்னர் 28 எழுத்துகளோடு அறிவித்த அம்முறையில் இன்று 24 எழுத்துகள் வழங்குகின்றன. மெய்யொலியைச் ‘சேய் ஒலி’ என்றும் உயிரொலியைத் ‘தாய் ஒலி’ என்றும் சீனச் சொல்வழியாக அவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாம் உடலும் உயிரும் என்கிறோம். அவர்கள் பிள்ளையும் தாயும் என்கிறார்கள். தனித்து நில்லாத ஒலிக்கு இரு இனத்தாரும் இட்ட பெயர்களைப் பாருங்கள்! இதை இணை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் கரும்பலகையில் இரண்டையும் எழுதி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று ஆசிரியர்களுக்காக. குற்றியலுகரத்தைச் சரியாக ஒலிக்க நம் மாணவர்களை எவ்வளவு பாடுபடுத்துகிறோம்! ‘காடு’, ‘பாட்டு’ என்பவற்றின் இறுதி உகரத்தை உதடு குவித்து ஒலிக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் திருத்துகிறோம். கொரியத்தில் உதடு குவியாமல் ஒலிக்கும் ஓர் உயிர் உண்டு. அது ஏறக்குறைய நம் குற்றியலுகரமே. அதனால் அப்பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே ‘பாட்டு’ என்பதை, என் வகுப்பு மாணவர்கள் வெட்கப்படும் அளவுக்குச் செம்மையாகச் சொன்னார்கள். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கும்போதும் அதே உயிரை இறுதியில் சேர்க்கிறார்கள். நம் வீட்டுப் பேச்சில் ‘பஸ்ஸு’, ‘கேக்கு’ என்பது போலத்தான் அவர்களும் சொல்கிறார்கள். இதற்கு மூதாதையர் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய தேவையில்லை. இரு மொழிகளின் வாய் அமைப்பும் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், ஐந்நூறு சொற்பட்டியலைவிட இது சுவையானது.

அரசியின் கதைக்கு வருவோம். கிம்ஹேயில் அதைத் தவிர்க்கவே இயலாது. நான் இந்திய வம்சாவளி என்றறிந்ததும் அங்காடிக் கடைக்காரர் முதல் பள்ளிக் காவலாளி வரை சொன்ன பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ அக்கதையைக் கூறுகிறது. கி.பி. 48-இல் ‘ஆயுத்தா’ என்னும் நாட்டிலிருந்து 16 வயது இளவரசி கடல்வழியாக வந்து, காயா நாட்டு மன்னர் சூரோவை மணந்தாள் என்பது கதை. அவர் கல்லறை என்று போற்றப்படும் மேடும், அவர் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கற்கோபுரமும் அந்நகரில் இருக்கின்றன. ஆயுத்தா என்பது அயோத்தி என்ற கருத்தில் 2001-இல் அயோத்தியில் நினைவிடம் எழுந்தது. நம்மவர் சிலர் அது தமிழகத்தின் தென்கோடி ஆய் நாடு என்கின்றனர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பின்னர் எழுதப்பட்ட நூல் அது. வரலாற்றாசிரியர் பலர் அத்திருமணத்தையே ஐயத்தோடு நோக்குகின்றனர். அவ்வாறிருக்க, இளவரசியின் ஊரையும் மொழியையும் உறுதியாகச் சொல்ல நாம் யார்?

நமக்கு அது புலனத்தில் வந்துபோகும் செய்தி. அவர்களுக்கோ அது குடும்பம். அறுவடைத் திருநாளான சூசோக் அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் வந்தது. ஆறு நாள் விடுமுறை. இணை ஆசிரியை என்னைத் தம் மாமனார் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அப்பெரியவர் கிம்ஹே கிம் குலத்தவர். அதாவது சூரோ மன்னரின் வழித்தோன்றல் என்று தம்மை நம்புபவர். தலைமுறைப் பெயர்கள் அச்சிட்ட தடித்த குலநூலை எடுத்துவந்து காட்டினார். அரசி தன் பெயர் அழியாதிருக்க வேண்டுமென்று கேட்டதால் மகன்களில் இருவர் தாயின் குடிப்பெயரான ஹோவை ஏற்றனர் என்பது அவர்கள் மரபு. அதனால் கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் ஒருவரையொருவர் மணப்பதில்லை. நம் சொல்லில் பங்காளிகள்! தம் இளமையில் ஹோ குலப்பெண் ஒருத்தியை விரும்பி, அக்காரணத்தாலேயே விட்டுவிட்ட நண்பரைப் பற்றி அவர் சொன்னார். பிறகு, “நீங்கள் அரசியின் நாட்டவரா?” என்று என்னைக் கேட்டார்.

“என் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குப் பால்மரம் சீவ வந்தவர், ஐயா. உங்கள் அரசியின் ஊர் எதுவென்று அறிஞர்களே இன்னும் உடன்படவில்லை” என்றேன். அவர் சிரித்துவிட்டு, பால்மரம் சீவுவது எப்படி என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினோம். விடியுமுன் எழுவது, உளியால் பட்டையைச் சீவுவது, மழை வந்தால் அன்றைய கூலி போவது எல்லாம் சொன்னேன். அவர் தந்தை சப்பானியர் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவராம். ‘ஆமாம், நான் உங்கள் அரசியின் இனம்’ என்று மார்தட்டியிருந்தால் அந்தப் பேச்சு எங்களுக்கு வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

அடுக்களையில் பாட்டி அரிசிமாவைப் பிசைந்து, எள்ளும் சர்க்கரையும் பொதிந்து, பிறை வடிவில் பிடித்து, பைன் மர இலைகளின்மேல் ஆவியில் வேகவைத்தார். அதன் பெயர் சோங்பியோன். பத்து நாள் முன்னர்தான் விநாயகர் சதுர்த்தி கழிந்திருந்தது; என் கைகள் தாமாகவே கொழுக்கட்டை பிடிக்கத் தொடங்கின. அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறப்பாள் என்றார் பாட்டி. எனக்கு இரண்டு மகன்கள், இனி வாய்ப்பில்லை என்றேன். அவர் என்னை ஊர்ப்பெயராலோ பதவியாலோ அழைக்கவில்லை. மூத்தவனின் பெயரைக் கேட்டு, அவன் அம்மா என்றே கடைசிவரை அழைத்தார். நம் பாட்டிகளும் அப்படித்தானே?

அத்தையையும் சின்னம்மாவையும் வேறுவேறு சொல்லால் அழைப்பதில் அவர்கள் நம்மைப் போலவே கண்டிப்பானவர்கள். உணவகத்தில் பரிமாறும் பெண்மணியை நாம் அக்கா என்பது போல் அவர்கள் ‘தாயின் சகோதரி’ என்று அழைக்கிறார்கள். ஆனால் தமிழரிடையே மாமன் மகளை மணக்கும் வழக்கம் உண்டு என்று நான் சொன்னபோது அடுக்களையே உறைந்துபோயிற்று. எட்டுப் படி வரையிலான இரத்த உறவில் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் உள்ள நாடு அது. மருமகள் மொழிபெயர்க்கத் தயங்கினார். பாட்டி இரண்டு முறை மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். அன்றைய நாளில் அவர்கள் என்னைப் பற்றி உண்மையாகவே ஆர்வம் கொண்டது அதன்பிறகுதான்! ஒற்றுமைகள் முகத்தில் புன்னகையை வரவழைக்கும். வேற்றுமைகள்தாம் கேள்வி கேட்க வைக்கும்.

பள்ளியில் பிள்ளைகள் இதைத் தாமாகவே செய்தார்கள். அவர்கள் ஐந்து கற்களை வைத்து ஆடும் ‘கொங்கி’ நம் அஞ்சாங்கல்லேதான். மலாய்க்காரரின் பத்து செரம்பானும் அதுவே. (2024-இல் ஒளியேறிய ஒரு தொடரால் நம் மாணவர்களுக்கும் அவ்வாட்டம் தெரிந்திருக்கிறது. அத்தொடர் பிள்ளைகளுக்குரியதன்று, பெற்றோர்களே.) யாருடையது முதலில் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் சுற்றில் கற்களைப் புறங்கையில் ஏந்துவதா, உள்ளங்கையில் பிடிப்பதா என்பதில்தான் சண்டை.

அக்டோபர் 9 ஹங்குல் நாள். அதையொட்டிய பாடத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் அகராதியின் கதையை எனக்குச் சொன்னார்கள். சப்பானிய ஆட்சியில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விலக்கப்பட்டது. அகராதி தொகுத்த கொரிய மொழிக் கழகத்தாரை 1942-இல் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிபோன கையெழுத்துப்படிகள் விடுதலைக்குப்பின் 1945-இல் சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டன. முதல் தொகுதி 1947-இல் அதே ஹங்குல் நாளில் வெளிவந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைத் தேர்வுக்குரிய தகவலாக ஒப்பிக்காமல், வீட்டுக் கதை போலச் சொன்னார்கள். 1816-இல் பினாங்கில் தொடங்கிய நம் தமிழ்க்கல்வியின் வரலாற்றை நம் ஆறாம் ஆண்டு மாணவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்வர்?

இருப்பினும் கொரியாவைப் புகழ்ந்து முடித்துவிட என்னால் இயலாது. கிம்ஹே தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அயல்நாட்டுத் தொழிலாளர்களும், வியட்நாமிலிருந்து மணமுடித்து வந்த பெண்களும் ஏராளம். தமிழில் ஒன்று முதல் பத்து வரை கற்பித்த நாளில், வேறு மொழிகளில் எண்ணத் தெரிந்தவர்களை அழைத்தேன். ஆங்கிலம், சீனம், சப்பானியம் என்று கைகள் உயர்ந்தன. பக்கத்துப் பிள்ளை ஒருத்தியைச் சுட்டி, “இவளுடைய அம்மா வியட்நாம்” என்றாள். அச்சிறுமி தலையை வேகமாக ஆட்டி மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கும் திறந்த வகுப்பு நாளில் அவள் தாயும் வந்திருந்தார். அன்று பெற்றோர் அனைவரையும் தத்தம் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொன்னோம். அத்தாய் தமிழில் எழுதிய பின், கீழே தம் மொழியிலும் எழுதினார். எழுத்தின் தலையில் இருந்த குறிகளைப் பார்த்து மாணவர்கள் “அது என்ன தொப்பி?” என்று கூவினார்கள். தாய் ஒரே அசையை வெவ்வேறு தொனியில் சொல்லிக்காட்ட, பொருள் மாறுவதைக் கேட்டு வகுப்பே அவரோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிற்று. மகள் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்தபின் அத்தாய் இணை ஆசிரியையின் வழியாக என்னிடம் பேசினார். குழந்தைக்குக் கொரியம் பிந்திவிடும், இரண்டு மொழியும் குழம்பிவிடும் என்று புகுந்த வீட்டார் சொன்னதால், பிறந்தது முதல் வியட்நாமியம் பேசாமலே வளர்த்தாராம். இப்போது ஊரிலிருந்து பாட்டி காணொலியில் அழைத்தால் பேத்தி கையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாளாம்.

கடல் கடந்து வந்த ஓர் அரசியின் பெயரை இரண்டாயிரம் ஆண்டாகக் குலப்பெயராய்த் தாங்கி நிற்கும் ஊரில், நேற்றுக் கடல் கடந்து வந்த தாயின் மொழி வீட்டு வாசலுக்குள் நுழைய முடியவில்லை. இதைக் கொரியரிடம் உள்ள குறை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு உரிமை இல்லை. என் குடியிருப்பிலேயே தமிழ்ப் பெற்றோர் இருவரும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசும் வீடுகள் உண்டு. காரணம் கேட்டால் கிம்ஹே மாமியார் சொன்ன அதே சொற்கள் வரும்: குழம்பிவிடும், பிந்திவிடும். அவ்வீடுகளிலிருந்தும் ‘கொரிய அரசி தமிழச்சி’ என்ற செய்தி எனக்கு வந்திருக்கிறது, ஆங்கிலத்தில்தான். இரு மொழி கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் பழகிக்கொள்ளும் என்பதை, மூன்று மொழிகளோடு பள்ளிக்கு வரும் நம் மாணவர்களே நாள்தோறும் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்துச் செல்லவிருக்கும் ஆசிரியர்கள் சிலர் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தார்கள். அரிசிமாவு அங்கேயே கிடைக்கும். வெல்லமும் ஏலக்காயும் கொண்டுசெல்லுங்கள். கோலத்துக்கு வண்ண அரிசி போதும். நடைக்கூடத்தில் தீபாவளிக் கோலமிட்டபோது பள்ளி முழுவதும் குனிந்து நின்றது. உள்ளே அணியும் காலணி ஒன்று தனியாக வேண்டும். வெளிக்காலணியோடு வகுப்பில் நுழைய முடியாது. உயிர்மெய் அட்டவணையைப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பம் மலாயாவுக்கு வந்த கதையைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதைத்தான் கேட்பார்கள். வகுப்பில் தாயோ தந்தையோ அயல்நாட்டவராக உள்ள பிள்ளை எவரென்று இணை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே தனியாகக் கேட்டு வையுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். சொற்பட்டியலை வேண்டுமானால் விமானத்தில் படித்துக்கொண்டு போகலாம்.